எல்லோருக்குமாக இருந்த ஒரு பெயர்

பிள்ளைகளா, நீங்கள் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போடும்போதெல்லாம் நான் ஏன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன் என்று நேற்றுச் சிரித்தீர்கள். "நீங்க எங்க அப்பாதானே, பாத்தா என்ன?" என்று சின்னவள் கேட்டாள். அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை. எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வந்துபோன சிஸ்டம் மேடத்துடையது. அவரைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

நஞ்சன்கூட்டில் நாங்கள் அட்டைப்பெட்டி செய்வது உங்களுக்குத் தெரியும். காலையில் மைசூரிலிருந்து ரயிலில் போய் இறங்கினால் ஆற்றுப் பனி இன்னும் கலைந்திருக்காது. சரக்கு ஏற்றும் கொட்டகைக்குள் காகிதத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருக்கும்; தண்ணீருக்கடியில் நிற்பதுபோல இருக்கும். அந்தத் தூசிக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர். எந்த லாரியில் என்ன போனது என்பதெல்லாம் அதில்தான். வாங்கும்போதே அதற்குள் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றொரு பெயர் இருந்தது. எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம் என்ற அதிகாரம் கொண்ட பெயர். எல்லா ஷிஃப்ட்காரர்களும் அதிலேயே நுழைந்தோம். பாஸ்வேர்டு, அந்த ஊர்க் கோயில் சாமியின் பெயர். சாமி பெயரை யாராவது ஒளித்து வைப்பார்களா? சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவோம். லாரி டிரைவர்களுக்கும் அது மனப்பாடம்.

ஒரு தசராவில், ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டோம். "பூஜை போட்ட மெஷின் ஆஃப் பண்ண பேடா, வேண்டாம். வெளிச்சமா இருக்கட்டும்," என்றார் கன்னடக்காரரான மேனேஜர். மாலையும் கழுத்துமாக, திரை திறந்தபடி, விடுமுறை முழுக்க அது எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கொட்டகைக்குக் கதவு கிடையாது. நாங்கள் திரும்பி வந்தபோது பூ வாடியிருந்தது. லாரி விவரம் மொத்தமும் அழிந்திருந்தது.

"கொனே ஷிஃப்ட், கடைசி ஷிஃப்ட் உன்னோடதுதானே? உன்ன விட்டா வேற யாரப்பா?" என்றார் மேனேஜர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதுதான் அவருடைய அடுத்த பேச்சாக இருந்திருக்கும். அப்போதுதான் பெரியவனைப் பள்ளியில் சேர்த்திருந்தோம்.

மைசூர் ஆபீசிலிருந்து மேடத்தை வரவழைத்தார்கள். மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். வாடிய மாலையை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நெடுநேரம் திரையைப் பார்த்தார். அழித்தவர் பெயர் பதிவாகியிருந்தது: அட்மினிஸ்ட்ரேட்டர்.

"நீங்க இல்லைன்னு என்னால சொல்ல முடியலீங்கண்ணா," என்றார். பிறகு அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவருதான்னும் சொல்ல முடியாதுங்க சார். இந்தப் பேருக்கு மொகமே இல்லீங்க. இவரும் இதே பேருதான், நீங்களும் இதே பேருதான். வேலைய விட்டு அனுப்பறதுன்னா எல்லாரையும் அனுப்போணும்."

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கே மேடம் எங்களுக்குத் தனித்தனிப் பெயர் அமைத்தார். அன்றாட வேலைக்கு அது போதும். அதை வைத்து மொத்தத்தையும் அழிக்க முடியாது. மெஷினோடு வந்த பழைய பெயரை முடக்கினார். கூடவே வந்திருந்த 'கெஸ்ட்' என்ற இன்னொரு பெயரையும் மூடினார்.

"ஏன் மேடம் விருந்தாளியத் தொரத்தறீங்க? நாங்க காபி குடுத்துத்தான் அனுப்புவோம்," என்றார் லோடிங் மேஸ்திரி.

"காபி தாராளமா குடுங்கண்ணா. பீரோ சாவியக் குடுத்துறாதீங்க."

என் முறை வந்தது. திரையில் என் பெயர். பள்ளிச் சான்றிதழுக்குப் பிறகு என் பெயரை அச்சில் அப்படித் தனியாகப் பார்த்ததில்லை. பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு, மேடம் எழுந்துபோய்ச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க பாத்தா என்ன மேடம்? நீங்கதானே என்னைக் காப்பாத்தினீங்க."

"நான் பாத்துட்டா அப்புறம் அது உங்க பேரு இல்லீங்கண்ணா."

அவர் தோளிலும் தலைமுடியிலும் தூசி பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் இன்னமும் எனக்கு அந்தக் காட்சி வரும். அதில் அவர் திரும்புவதே இல்லை.

போன மாதம் அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மெஷினில் ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் மட்டும் திறக்கும் தனிப்பெயர் ஒன்றை எப்போதோ என்னிடம் ஒப்படைத்திருந்தார். கடைசி நாளில் போன் செய்தார். "போனவங்க பேரு தொறந்து கெடக்கக் கூடாதுங்கண்ணா. என் பேரையும் இன்னைக்கே நீங்களே மூடிருங்க."

சாயங்காலம் எல்லோரும் ரயிலுக்குக் கிளம்பியபின் உட்கார்ந்தேன். சுவிட்ச் ஓரத்தில் பழைய குங்குமம் ஒரு கீற்று ஒட்டியிருந்தது. திரையில் எங்கள் பெயர்களுக்கு நடுவே அவர் பெயர். மூடுவதற்கான கட்டத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். யாருமில்லாத கொட்டகையில், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலை அழுத்தினேன்.