எடைமேடைப் பெட்டியும் ஒரு மே மாதச் சீட்டும்

எடைமேடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்கு ஒரே கவலைதான்: முதல் லாரி வருவதற்குள் பெட்டி விழித்திருக்க வேண்டும். நீங்களும் ஒரு பழைய பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் குடோன். அதை ஒட்டி எடைமேடை. பருத்தி லோடு இங்கே எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டுதான் மில்லுக்குப் போகும். எடை, தேதி, நேரம் மூன்றும் அந்தச் சீட்டில் அச்சாக வேண்டும். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூணு மாசம் பாப்போம் தாயி. சரிவரலன்னா நீ வீட்டுக்குப் போயிரு, நான் பழைய ஆளையே கூப்பிட்டுக்கிறேன்."

மெயின் சுவிட்ச்

என் ஊர் திருச்சுழிப் பக்கம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மகளுக்கு ஆபீஸில் வேலை என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதனால் முதல் நாள் காலையில் ஏழரை மணிக்கே போய்ப் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலு வரி வந்து அப்படியே நின்றது. கீபோர்டில் எஃப் ஒன்னை அழுத்தினால்தான் மேலே போகும். அழுத்தினேன். தேதி 2009 ஜனவரி ஒன்று என்றது. நான் ஒன்றாம் வகுப்பு படித்த வருடம்.

மறுநாளும் அதே ஜனவரி ஒன்று. மூன்றாம் நாள்தான் காரணம் பிடிபட்டது. குடோனைப் பூட்டும்போது வாட்ச்மேன் பொன்னுச்சாமி அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். பருத்தி இருக்கிற இடத்தில் ஒரு ஒயரில் தீப்பொறி வந்தால் போதும் என்பதால் பல வருட வழக்கம் அது. பெட்டிக்குள் ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது எப்போதோ செத்திருந்தது. "அண்ணே, பெட்டிக்கு மட்டும் லைன விட்டு வைங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெட்டிக்குத் தேதி மறந்தா நீ சொல்லிக் குடுக்கலாம் தாயி. பஞ்சு பத்திக்கிட்டா யாருக்கு என்னத்தச் சொல்ல?"

அழிரப்பர்

ஒரு காலையில் நாலு வரிகூட வரவில்லை. திரை இருட்டு, பீப், பீப் என்று சத்தம் மட்டும். மேடையில் பருத்தி லோடு ஏறி நிற்கிறது. டிரைவர் சேகர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சுத் தூசி. மெமரிப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகினேன். இரண்டு தடவை தப்பாகச் சொருகினேன். மூன்றாவது தடவை பெட்டி எழுந்தது.

சேகர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சீட்டை வாங்கியவர் என்னையும் அழிரப்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்குத்தான் காலேஜுல மூணு வருசம் படிச்சியா?"

வாட்ச் கடை பேட்டரி

புதுப் பேட்டரி போடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஓடுற பெட்டியத் தொறக்காத" என்றார். பின்மூடியை ஏற்கெனவே ஒரு தடவை திறந்துவிட்டதை மறைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாட்ச் கடையில் நானே ஒரு பேட்டரி வாங்கினேன். அகலம் சரி, தடிமன் பாதி. "இதுவும் உக்காரும்மா" என்றார் கடைக்காரர். அடியில் காகிதத்தை மடித்து வைத்து உட்கார வைத்தேன்.

ஒன்பது நாள் தேதி சரியாக இருந்தது. நிம்மதியில் கொஞ்சம் தாமதமாகக்கூட வர ஆரம்பித்தேன். பொன்னுச்சாமி அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது தானா எந்திரிச்சு தானா தேதி சொல்லிச்சுன்னா, அப்புறம் உன்னய எதுக்கு வச்சிருப்பாக?"

மே மூன்று

பத்தாம் நாள் மார்ச் ஐந்து. லாரி ஏறி இறங்கிய அதிர்வில் பேட்டரி நகர்ந்திருக்க வேண்டும். மறுபடி நாலு வரி. வழக்கமாக எஃப் ஒன் அழுத்தி உள்ளே போய், திரையின் மூலையில் இருக்கிற கடிகாரத்தில்தான் தேதியை மாற்றுவேன். அன்று பஸ் தாமதம். நான் வருவதற்கு முன்பே மேடையில் ஒரு மினி லாரி நின்றது. நரிக்குடிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி மாரியப்பன், தன் காட்டில் அந்த வருடம் எடுத்த பருத்தி அத்தனையையும் அதில் ஏற்றி வந்திருந்தார். தார்ப்பாய் பாதிக்குத்தான் மூடியிருந்தது. அவசரத்தில் கறுப்புத் திரையிலேயே தேதியை அடித்தேன். நாம் நாளை முதலில் எழுதுவோம். அந்தத் திரை மாதத்தை முதலில் கேட்கும். ஐந்து, மூன்று என்று அடித்தேன். அது மே மூன்று என்று எடுத்துக்கொண்டது. சீட்டு அடித்தேன், கொடுத்தேன், படித்துப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன். மில் கேட்டில் லாரியை நிறுத்திவிட்டார்கள். இன்னும் வராத தேதி போட்ட சீட்டை ஏற்க முடியாது, சரியான சீட்டு கையில் வந்தால்தான் கேட் திறக்கும் என்கிறார்கள். அங்கே மேகம் கட்டிவிட்டதாம். நனைந்த பருத்தியை எந்த மில்லும் வாங்காது. அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். "இந்த ஓட்டப் பெட்டி பண்ணுன வேலையப் பாத்தியா?" என்றார்.

தலையாட்டியிருந்தால் போதும். அண்ணாச்சி சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. "பெட்டி இல்ல அண்ணாச்சி. நாந்தான் மாத்தி அடிச்சேன். பேட்டரியையும் உங்களுக்குத் தெரியாம மாத்துனேன்" என்றேன். அவர் மேஜையிலிருந்த சீட்டு நகலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி. தேதிய மாத்து, நேரத்தையும் காலைக்குத் தள்ளு. புதுசா ஒரு சீட்டு அடி" என்றார். அரை நிமிட வேலை. லாரி இங்கே இல்லை. மேடை காலியாக இருந்தது. காலி மேடையைக் காட்டி எடை அடிக்க வேண்டும், நேரமும் நான் சொல்கிற நேரம். "பயமா இருக்கு அண்ணாச்சி. ஒரு தடவ அடிச்சுட்டா அப்புறம் கை நிக்காது" என்றேன்.

"அப்ப அந்த லாரிய உள்ள விட வேற என்ன வழின்னு நீயே சொல்லு."

கேட்

சீட்டின் நகல் எங்களிடம் இருந்தது. அதில் தப்பான தேதியைக் கோடு போட்டு அடித்து, சிவப்பு மையில் சரியான தேதியை எழுதி, 'தவறு என்னுடையது' என்று போட்டு முழுக் கையெழுத்திட்டேன். அண்ணாச்சி சீல் வைத்தார். மில் விருதுநகரில்; அந்த ஊர் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழி தாண்டும்போது ஜன்னல் கம்பியில் இரண்டு சொட்டு விழுந்தது. ஏறினதிலிருந்து இறங்குகிற வரை நான் உட்காரவில்லை.

மாரியப்பன் தன் வேட்டியை அவிழ்த்து மூடாத பக்கத்துப் பருத்திமேல் விரித்துவிட்டு, டவுசரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் திட்டவில்லை. அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்டில் இருந்தவர் சிவப்பு எழுத்தை இரண்டு முறை படித்தார். அண்ணாச்சிக்குப் போன் போட்டு எடையைக் கேட்டுச் சரிபார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார். லாரி கூரைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மழை கொட்டியது. மறுநாள் காலை ஏழரைக்கு நான் போனபோது அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணக்கை முடித்து அனுப்பப் போகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வா தாயி. அந்தப் பேட்டரிய நம்ப வேணாம், இனிமே தெனமும் தேதிய நான் வாசிக்கிறேன், நீ அடி. மூணு மாசமெல்லாம் ஒண்ணும் வேணாம்."

இப்போது எங்கள் எடைமேடையில் ஒரு முதலாளியும் ஒரு பட்டதாரியும் சேர்ந்து, ரூபாய்க் காசு அளவே இருக்கிற ஒரு பேட்டரியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.