செவ்வாய்க்கிழமை இழைத்த பலகை

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்காது. ஆண்டவரை ஆணியடித்த நாளில் ஆணியையும் ரம்பத்தையும் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தாராவியில் அந்தச் சந்து முழுக்க மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், எங்கள் ஷட்டர் மட்டும் இறங்கியிருக்கும். முந்தின நாள் மாலையே அண்ணன் பேண்ட்சாவின் பிளேடைத் தளர்த்திவிடுவான். இரண்டு சக்கரங்களின் மேல் பெல்ட் மாதிரி ஓடுகிற ரம்பம் அது. மூன்று நாள் சும்மா முறுக்கி வைத்தால் அதன் ஆயுசு குறையும் என்பான்.

அந்த வருடமும் தளர்த்தினான். மதினி இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட்டால் ஒரு வாரம் வீட்டிலிருக்கலாம் என்று, புதனும் வியாழனும் பகல் முழுக்க நின்று ஒரு அலமாரியை முடித்திருந்தான்.

"திங்கக்கெழம டிஸ்சார்ஜ் ஆயிருவால. மிஷினுக்கும் ரெஸ்டு, நமக்கும் ரெஸ்டு" என்றபடி பிளேடை முறுக்கும் திருகைச் சுற்றினான். நான் தலையைத் தூக்காமல் மரத்தூளைக் கூட்டினேன்.

எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "காவ் சே கிஸீ கோ புலானா ஹை தோ புலா லோ" என்றார். ஊரிலிருந்து யாரையாவது வரவழைப்பதென்றால் வரவழைத்துக்கொள் என்று டாக்டர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே மதினியின் பக்கத்தில் இருந்த அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்து, நல்ல தேக்காகப் பார்த்து எடுத்து, மதினியின் உயரத்துக்கு அறுத்து இழைத்து, பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அலமாரி, நாற்காலியோடு சவப்பெட்டியும் செய்கிறவர்கள் நாங்கள். மதினி விலைக்கு வாங்கின பெட்டியில் போகக்கூடாது என்று நினைத்தேன். பேச வேண்டிய நேரத்தில் கைவேலைக்குள் ஒளிந்துகொள்வது என் சுபாவம். அந்தப் பயந்தாங்கொள்ளித்தனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது மதினி போய்விட்டாள். அடக்கம் மறுநாள் காலை. அண்ணன் வீட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணில் படாமல் பெட்டியை முடித்துவிடலாம் என்று நான் மட்டும் பட்டறையைத் திறந்தேன். அறுக்க வேண்டியதில் மூடியின் தலைமாட்டு வளைவும் சிலுவையும்தான் பாக்கி. முதலில் ஒரு துண்டு மரத்தில் வளைவை அறுத்துப் பார்க்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டேன். பெரிய வெள்ளியன்று ஒருநாளும் மிஷினைத் தொட்டவனில்லை, பிளேடு தளர்ந்து கிடப்பது புத்தியில் ஏறவில்லை. பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்று, உள்ளே மடங்கி, கிறீச்சிட்டு நின்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கோணியிருந்தது. மாற்றுப் பிளேடு பற்றவைப்பதற்காகக் கோவண்டியில் ஒரு வெல்டிங் கடைக்குப் போயிருந்தது. அந்தக் கடைக்காரர் போனை எடுக்கவில்லை.

சத்தத்தைக் கேட்டு யாரோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வந்து நின்றான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பிளேடை வாங்கி, மேட்டை விரலால் தடவிப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டான்.

"சுத்தியல எடு."

"இன்னைக்கா?"

"எடுல."

பட்டறைக்கல்லாக வைத்திருந்த தண்டவாளத் துண்டின் மேல் பிளேடை வைத்து மெல்லத் தட்டினான். ஓங்கி அடித்தால் இன்னும் கோணும். சந்தில் போன எங்கள் ஆட்களில் இரண்டு பெண்கள் நின்று பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அரைமணி நேரம் தட்டி, மாட்டி முறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். கோணல் வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றது.

"ஓடும். பலகயக் கொண்டா" என்றான்.

வேறு வழியில்லை. பிளைவுட்டை நகர்த்தி, இழைத்த பலகைகளை எடுத்துவைத்தேன். அண்ணன் ஒன்றின் மேல் உள்ளங்கையை ஓட்டினான்.

"எப்பம்ல எழச்ச?"

"செவ்வாக்கெழம."

அவன் மிஷினைப் போடவில்லை.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா, ரெண்டு நாளும் இங்க நின்னு அலமாரி செஞ்சிட்டு இருந்திருக்க மாட்டேம்லா. அவகூட இருந்திருப்பேம்லா" என்றான்.

பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஸ்விட்சைப் போட்டான்.