குதிரையின் காலடியில்

வளைகுடாவில், ரோலா கடைவீதியில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்த அவர் யாழ்ப்பாணத்துக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். வெட்டிய துண்டு எதையும் எறியமாட்டார். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கொண்டுவந்தவரிடமே கொடுத்துவிடுவார்.

நான் வேலை பார்க்கும் ஓட்டலின் சாப்பாட்டு அறைக்காக ஒரு பழைய ஐரோப்பிய ஓவியத்தின் பிரதியைக் கொண்டுபோனேன். மேலே புகை, பாயும் குதிரை, வாளோடு ஒரு சிப்பாய். கீழே, படை கொன்று குவித்த ஊர்ச்சனம். செத்த தாயின் மார்பைத் தேடும் குழந்தை.

"சாப்பிடுற இடம்ணே, பொணமெல்லாம் வேண்டாங்குறாரு மேனேஜர். கீழ்ப்பாதிய வெட்டிருங்க."

"வெட்டலாம் தம்பி. குதிரை ஆருக்கு மேல பாயுதெண்டு பிறகு ஒருத்தருக்கும் விளங்காது."

"அது யாருக்குண்ணே வேணும்?"

ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் வெட்டினார். கீழ்ப்பாதியைச் சுருட்டி நீட்டினார்.

"குப்பையில போட்டுருங்கண்ணே."

"நீங்களே கொண்டுபோங்கோ. என்னட்டைச் செத்தவை ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கினம்."

அந்தச் சுருளை இன்னும் நான் பிரிக்கவில்லை, எறியவுமில்லை. ரூமில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

நேற்று சாப்பிட வந்த ஒருவர் சுவரைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் குதிரை எதுக்குப்பா இப்படிப் பாயுது?"

"சும்மா அழகுக்குத்தான் சார்" என்றேன்.