உருளைக்கு வாஸ்து பார்த்த கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டர் ஜாதகம்தான் தொழில். முதலாளி ஏகாம்பரத்திடம் கெஞ்சி, ஒரு கேம் எழுத அனுமதி வாங்கியிருந்தேன். பிடிக்காவிட்டால் மறுபடி ஜாதகத்துக்குப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை.

கேமில், விண்வெளியில் ஒரு பெரிய உருளை, டிரம்மைப் படுக்கப் போட்டதுபோல. உள்ளே மனிதர்கள். உருளை சுழலச் சுழல, அதன் சுவர் அவர்கள் காலை அழுத்தும், அதுவே எடை. சுவர்தான் தரை. குதித்தால் நேர் கீழே விழாமல் சற்றுத் தள்ளி விழுவார்கள். அதைச் சரியாகக் கொண்டுவரவே ஒரு மழைக்காலம் போயிற்று.

பார்வையிட வந்த நாளில் முதலாளி தனியாக வரவில்லை, வாஸ்து நிபுணரோடு வந்தார். எங்கள் ஆபீஸ் வாசலை இருமுறை இடம் மாற்றியவர் அவர்.

வெளியிலிருந்து பார்ப்பதுபோல், உள்ளே இருப்பதும் தெரியும்படி ஓட்டிக் காட்டினேன். திரையில் உருளை சுழன்றது.

"சமையல் ரூம் எங்க கீது?" என்றார் நிபுணர். காட்டினேன்.

"அக்னி மூலை. நல்லது. இன்னாம்மா இது, ஈசானியத்துக்குப் போவுது?"

"எல்லாமே சுத்திட்டேதான் இருக்கும் சார்."

"அடுப்பு ஊர் சுத்துனா குடும்பம் வெளங்குமா?"

முதலாளி பதறிவிட்டார். "மொதல்ல நிறுத்தும்மா!"

"நிறுத்தினா எடை போயிடும் சார்."

"சொன்னத செய்ம்மா."

நிறுத்தினேன். அடியெடுத்து வைத்த கதாநாயகன் அப்படியே மேலே போனான். பின்னாலேயே வில்லன், சோற்றுப்பானை.

"இன்னாம்மா, சனம்லாம் பட்டம் மாதிரி பறக்குது? பேசாம ஜாதகமே போட்டுகினு இருந்திருக்கலாம்" என்றார் முதலாளி.

"சாப்பிட்டு வாங்க சார், சரி பண்ணிடறேன்" என்று இருவரையும் அனுப்பினேன்.

உருளையை மறுபடி சுழலவிட்டேன். கேமராவை மட்டும் உள்ளே கொண்டுபோய்ச் சுவரோடு கட்டினேன். கேமராவும் கூடவே சுழன்றதால் தரை, அடுப்பு, ஆட்கள் எல்லாம் திரையில் நின்ற இடத்தில் நின்றன. எடைக் கணக்கில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

திரும்பி வந்த நிபுணர் திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தார். "இப்பதான் ஊடு ஊடா கீது" என்றார்.

முதலாளிக்கு மட்டும் ஒரு சந்தேகம். உருளையின் ஜன்னலைக் காட்டினார். "வெளிய நட்சத்திரம்லாம் ஓடுதேம்மா?"

"வானம் சுத்துது சார்."

"அது சுத்தட்டும். நம்ம ஊடு சுத்தக்கூடாது."

கேம் பிழைத்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யாருக்காகவும் கணக்கை மாற்றாதீர்கள், கேமராவை மாற்றிப் பாருங்கள். தான் நிற்கும் இடம் அசையாதவரை, பிரபஞ்சமே சுற்றினாலும் முதலாளிக்குச் சம்மதம்தான்.