டாக்டர் லாத்ரப் எழுதிய தீர்மானம்

நியூ ஹாம்ப்ஷயரின் அந்த மலையூருக்கு ஏபியல் லாத்ரப் இருபத்தோரு வயதில் ஒரு குதிரையோடும் நாலு மருத்துவப் புத்தகங்களோடும் வந்தார். தொண்டை அடைப்பான் என்ற நோய் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன வருஷம் அது. மற்ற வைத்தியர்கள் நோயாளியின் கையைக் கீறி இரத்தம் வடித்துக்கொண்டிருக்க, இவர் கத்தியை மூடிவைத்துவிட்டுச் சின்கோனாப் பட்டைக் கஷாயம் கொடுத்தார். பிழைத்த பிள்ளைகள் ஏராளம். அப்புறம் என்ன, ஊருக்கு அவர் சொன்னதே வேதம்.

முப்பது வருஷம் கழித்து, மாகாணத்தை ஆண்ட இங்கிலாந்து ராஜாவோடு தகராறு முற்றியபோது ஊர்க்கமிட்டிக்கும் அவரே தலைவர். ராஜாவை எதிர்ப்பதாகக் கையெழுத்துப் போடாதவன் வீட்டோடு யாரும் எந்தப் பேச்சும் புழக்கமும் வைக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதியதும் அவரே. ஊரில் போடாத ஒரே ஆள் தச்சர் சில்வானஸ் பீஸ்லி.

"ஒருதரம் ராஜாவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன். சத்தியம் என்ன சட்டையா, கழட்டி மாத்த?" என்றார். வீம்பு பிடித்த மனுஷன்தான், ஆனால் பொய்யர் இல்லை.

மார்ச் மாதம் பீஸ்லியின் பக்கத்து வீட்டுத் திர்சா பல்வலி என்று டாக்டரிடம் வந்தாள். பல்லைப் பிடுங்கியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "பீஸ்லி பொண்ணு ஹெப்சிபாவுக்கு நாலு நாளா தொண்டை அடைச்சிருக்கு. மூச்சு இழுக்கிற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்றாள்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு நாளாவா? அடிப்பாவி, தினம் என் வாசல் வழியாத்தானே போற! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்த வீட்டுப் பேச்சே கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க? இப்பகூட வாய் தவறிச் சொல்லிட்டேன்."

டாக்டர் குதிரையை விரட்டிக்கொண்டு போனார். பீஸ்லி கதவைத் திறந்தார்.

"முந்தாநாளே உங்களைக் கூப்பிடக் கிளம்பினேன் டாக்டர். மில்லுக்காரர் கலேப் பாலத்துல மறிச்சுத் தீர்மானத்தைக் காட்டினார். கையெழுத்து உங்களுதுதான். திரும்பிட்டேன்."

கஷாயம் பிள்ளையின் தொண்டைக்குள் இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வயசு. முந்தாநாள் வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டருக்குத் தெரியும். பீஸ்லிக்கும் தெரியும்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் டாக்டர் எழுந்தார். "தீர்மானத்தை மீறி பீஸ்லி வீட்டுக்குப் போனேன். ஒதுக்கிவெச்சவங்க பட்டியல்ல என் பேரையும் எழுதுங்க."

கலேப் சிரித்துவிட்டார். "அட, உக்காருங்க டாக்டர்! இதெல்லாம் உங்களுக்கா போட்டோம்?"

"அப்ப ஹெப்சிபாவுக்கா போட்டோம்?"

தீர்மானத்தை நீக்கிவிடும்படி டாக்டர் கேட்டார். அதற்கு ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை.

பிறகு, சட்டம் போடும் மாகாண சபைக்கு ஊர் சார்பில் யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தது. மறுபேச்சில்லாமல் லாத்ரப் பெயரையே சொன்னார்கள். இனி மாகாணம் முழுவதற்கும் சட்டம் எழுதப்போவது தாம்தான் என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது.