ஆக்ரா ரயிலில் கப்பல் விருந்தும் அப்பாவின் ஒரு வாய் ஒயினும்

சொகுசுக் கப்பல்களில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு ஒயின் கொடுப்பார்களாமே, நம்மால் சமாளிக்க முடியுமா என்று கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். தாராளமாக முடியும். பிற்பாடு எத்தனையோ கப்பல்களில் சாப்பிட்டுவிட்டேன். ஆனால் எனக்குப் பாலபாடம் நடந்தது கடலில் இல்லை, தில்லி–ஆக்ரா ரயில் பாதையில்.

எண்பதுகளின் தொடக்கம், டிசம்பர் மாதம். கனாட் பிளேஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பம்பாய்த் துறைமுகத்தில் வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் பயணிகளை விமானத்தில் தில்லிக்கு வரவழைத்து, தனிப் பெட்டியில் ஆக்ராவுக்குக் கூட்டிப்போவது எங்கள் கம்பெனி பிடித்திருந்த புது வேலை. கப்பலில் நடக்கும் விருந்து ரயிலிலும் நடக்க வேண்டுமாம். அதற்காக ஒயின் பரிமாறுகிறவர் பாட்டில்களோடு கூடவே வருவார். குழுவோடு போய்வர ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. டைப் அடித்து அடித்து அலுத்துப் போயிருந்தேன்.

வீட்டில் அத்தை, அதாவது எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, குறுக்கே நின்றாள். திருநெல்வேலி சைவக் குடும்பம். முட்டைகூட வாசல் தாண்டாது. குடிக்கிற கூட்டத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்றாள். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். எதையும் தானே பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

"நானும் ஒரு நடை வந்து பாக்கேன். பொறவு சொல்லுதேன்," என்றார்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே காலியாக இருந்த ஒரு ஸீட்டைக் கொடுத்தார். உத்தியோகத்துக்கு அப்பாவைத் துணைக்குக் கூட்டிப்போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீடு இருந்த ஆர்.கே.புரத்திலிருந்து புது தில்லி ஸ்டேஷனுக்கு ஆட்டோ பதினைந்து ரூபாய் கேட்டார். அப்பா இந்தியில் மல்லுக்கட்டிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தார். ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி பனிமூட்டத்தால் எட்டுக்குக் கிளம்பியது. ஆக்ரா சுமார் இருநூறு கிலோமீட்டர். தாஜ் மஹாலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அப்பா அங்கேயும் மஃப்ளரைக் கழற்றவில்லை என்பதைத் தவிர.

திரும்பும்போது ரயிலிலேயே சாப்பாடு. மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டுக்கறிக்குச் சிவப்பு, புட்டிங்குக்கு இனிப்பான ஒன்று. எங்கள் இருவருக்கும் பனீர். அதற்கு எது பொருந்தும் என்று கோவாக்காரரான ஒயின்காரர் சற்று யோசித்து, வெள்ளையையே எடுத்தார். பாட்டிலைத் திறந்ததும் கொஞ்சம் ஊற்றி, ஒருவர் ருசி பார்த்துத் தலையசைத்த பிறகே மற்றவர்களுக்கு ஊற்றுவது அவர்கள் வழக்கம். குழுவை நடத்துகிறவள் நான் என்பதால் அந்த கிளாஸை என் முன்னால் வைத்தார். கையில் எடுத்துவிட்டேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. குடித்தால் அப்பா வேண்டாம் என்பார், குடிக்காவிட்டால் மேனேஜர் வேண்டாம் என்பார்.

அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வீட்டில் தண்ணீர்ச் செம்பைத் தூக்குகிற மாதிரி அந்த நீளக்கால் கிளாஸை ஒரு சாண் உயரத் தூக்கி, ஆடுகிற வண்டியில், அண்ணாந்து பாதியை வாயில் விட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. தனக்காகக் குடித்திருந்தால் வாய் வைத்தே குடித்திருப்பார். மீதியை நான் குடிக்க வேண்டும் என்பதால்தான் எச்சில் படாமல் குடித்தார்.

"புளிப்பாத்தான் இருக்கு. வேலைன்னா பாத்துத்தானம்மா ஆகணும்," என்று கிளாஸை என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். தலையை அசைத்தேன். எல்லோருக்கும் ஊற்றியான பிறகு, எதிரே இருந்த அமெரிக்க அம்மாள் தானும் அப்படி அண்ணாந்து குடித்துப் பார்த்து ஸ்வெட்டரை நனைத்துக்கொண்டார்.

நீங்கள் கப்பலில் போவதாக இருந்தால், சைவம் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒயினுக்குத் தனிக் கட்டணமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காரமான சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இனிப்பான வெள்ளை ஒயின் ஒத்துப்போகும். ஊற்றியதை எல்லாம் காலி செய்ய வேண்டும் என்று சட்டம் கிடையாது. போதும் என்றால் கிளாஸ் மேல் கையை வைத்தால் போதும். குடிக்காதவர்களுக்குப் பழச்சாறு உண்டு, யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அறையிலேயே சாப்பிட்டுவிடாதீர்கள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே குடிக்கிறார்களா இல்லையா என்று அப்பாவிடம்தான் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"குடிக்காங்க," என்றார் அப்பா. "நானும் ஒரு வாய் குடிச்சேன், அக்கா. இவ இந்த வேலைக்குப் போவா."