பேச்சுவார்த்தை இல்லாதவர் சொன்ன யோசனை

கணவர் சிங்கப்பூர் போனபின் குரும்பலூரில் விவசாயத்தை நான் ஒருத்தியே பார்க்கிறேன். மழைக்குப் பயந்து, சின்ன வெங்காயத்தைக் குவித்துச் சேமித்த மூங்கில் பட்டறையைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன்.

வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்துக் காட்டுக்காரர், "பக்கவாட்டைத் தெறந்து வுடுங்க. காத்துப் போவலைன்னா அழுவிப் போயிடும்" என்றார்.

என் வெங்காயம் நனையட்டும் என்றுதான் சொல்கிறார் என நினைத்து, இன்னொரு கயிறும் போட்டேன்.

சில நாள் கழித்து மழை விட்டதும் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வெங்காயம் சுட்டது. பதறிப்போய்த் தார்ப்பாயை அவிழ்த்தேன். அடியில் கொஞ்சம் அழுகியிருந்தது, மற்றது தப்பியது.

அந்த மழை வாரம் முழுக்க என்னிடம் நேரில் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அவர் மாட்டை அதட்டினால்கூட, என்னிடம் ஏதும் சொல்கிறாரோ என்று வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.